பளிங்குப் பலகையும் மறுபக்கத்துச் சகோதரனும்

‘சிறிய இனம் தன் போரை இப்படித்தான் படமாக்க வேண்டும், எமக்கும் இப்படி ஒன்று வேண்டும்’ என்று எஸ்தோனியாவைக் கைகாட்டும் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். எல்மோ நியூகானென் 2002இல் இயக்கிய ‘பளிங்குப் பலகையில் பெயர்கள்’ படத்தைத்தான் சொல்கிறார்கள். பதினான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாடு தன் மொழியில் இவ்வளவு பெரிய போர்ப்படம் எடுத்தது மெச்சத்தக்கதுதான். ஆனால் நண்பர்கள் எதை மெச்சுகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

1918இன் இறுதி. செஞ்சேனை எஸ்தோனியாவுக்குள் நுழைகிறது. தார்த்து நகரத்துப் பள்ளி மாணவர்கள் துவக்கேந்திப் போகிறார்கள். அவர்களில் ஹென் ஆஹாஸ் ஏழை வீட்டுப் பிள்ளை. அவனுடைய சகோதரன் சிவப்புப் பக்கம். எனவே ஹென் தயங்குகிறான், பிறகு சேர்ந்துகொள்கிறான். பனியையும் பையன்களின் பயத்தையும் படம் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் ஹென்னின் தயக்கம், சண்டை சூடுபிடிக்க மாறிவிடும் சின்ன வயதுக் காய்ச்சல்போல ஆகிவிடுகிறது. எமது நண்பர்கள் கைதட்டுவது இந்த இடத்திற்குத்தான்.

அந்தத் தயக்கம் என்ன கோழைத்தனமா? 1918 நவம்பர் 29இல் நார்வாவில் எஸ்தோனியத் தொழிலாளர் கொம்யூன் பிரகடனம் செய்யப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கிய யான் அன்வெல்ட் எஸ்தோனியர். செஞ்சேனையில் எஸ்தோனியப் படைப்பிரிவுகளும் இருந்தன. வெளியிலிருந்து வந்த படையெடுப்புக்குள்ளே ஒரு சகோதரச் சண்டையும் நடந்தது. நாட்டின் நிலத்தில் பாதிக்கும் மேல் பெருந்தோட்டங்களாகக் கிடந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஜேர்மன் பிரபுக்களின் கையில். ‘இது யாருடைய நாடாக இருக்கப் போகிறது?’ என்று ஒரு காணியற்றவனின் மகன் கேட்டால் அது நியாயமான கேள்வி.

குடியரசுக்கு அது விளங்கியிருந்தது. 1919 ஒக்டோபர் 10இல் அரசியல் நிர்ணய சபை காணிச் சட்டத்தை நிறைவேற்றிப் பெருந்தோட்டங்களைக் கையகப்படுத்தியது. தார்த்து சமாதான உடன்படிக்கை வந்தது 1920 பெப்ரவரி 2ஆம் திகதி. அதாவது போர் முடியும்வரை அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவில்லை. கேட்டவர் எல்லோரையும் மதித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிவப்பர் என்று சுடப்பட்டோரும் உண்டு. ஆனால் தயங்கியவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை அரசு உணர்ந்திருந்தது.

நாவலை எழுதிய அல்பேர்ட் கிவிகாஸ் 1898இல் பிறந்தவர், அந்தப் போரில் தானும் நின்றவர். 1936இல், வெற்றிக் கொண்டாட்டங்களுக்கு நடுவே, தயங்குகிற ஒருவனைக் கதையின் மையத்தில் வைத்தார். 1944இல் சுவீடனுக்குத் தப்பியோடினார். 1978இல் லுண்ட் நகரில் இறந்தார். அவரது நூலைச் சோவியத் ஆட்சி தடைசெய்தது. அந்தப் போரின் நினைவுச் சின்னங்களையும் உடைத்தது. அதே லுண்டில்தான் பெர்னார்ட் கங்ரோ 1950இல் ‘துலிமுல்ட்’ என்ற புகலிட இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கினார். அது 1993 வரை வந்தது. சஞ்சிகை நடத்திக் கைசுட்ட எம்மவருக்கு இதன் அருமையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தடைசெய்தவர்கள் அந்த நாவலை ஒரு வெற்றிக் கல்வெட்டாகத்தான் பார்த்தார்கள். இன்று அதைப் புகழ்கிறவர்களும் அப்படியே பார்க்கிறார்கள். இரு தரப்பும் ஹென்னின் சகோதரனைத் தாண்டிப் போய்விடுகின்றன.

‘போர்க்காலத்தில் சந்தேகம் ஆடம்பரம்’ என்பார்கள். சரி, எஸ்தோனியாவின் அந்தப் போர் 1920இல் முடிந்தது. படம் வந்தது 2002இல். எண்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகும் சந்தேகத்துக்கு நேரம் வரவில்லையென்றால் எப்போதுதான் வரும்? பலகையில் பெயர் பொறிப்பது பள்ளிக்கூடத்தின் கடமை. அதை அது செய்யட்டும். எழுதுகிறவனுக்கும் படமெடுக்கிறவனுக்கும் வேறு வேலை இருக்கிறது.

எனவே, ‘எமக்கும் இப்படி ஒரு படம்’ என்று கேட்கும் நண்பர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன்: உங்கள் படத்தில் மறுபக்கம் நின்ற சகோதரனுக்கு எத்தனை காட்சி? அவன் பேசுவானா, அல்லது சுடப்படுவதற்கு மட்டும் வந்துபோவானா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு கமெராவைத் தூக்குங்கள்.