வரவா, கடனா?

அக்கா பையன் லீவுக்கு வள்ளூர் வந்திருந்தான். சாப்பாடு, தூக்கம் மறந்து கம்ப்யூட்டரில் 'சைபர்பங்க் 2077'. போலந்துக்காரர்கள் 2020-ல் விட்ட கேம். அதில் மேயர் தேர்தலில் நிற்கும் பெரலெஸின் மூளையை, அவருக்கே தெரியாமல் யாரோ கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறார்கள். விஷயம் தெரிந்த மனைவி, 'அவரிடம் சொல்லிடாதீங்க' என்று கெஞ்சுகிறாள். சொல்வதா, மறைப்பதா? ஆடுகிறவர்தான் முடிவு பண்ண வேண்டும்.

"மூளையையெல்லாம் எதுக்குடா தொடணும்? நம்மூர்ல ஒரு கவர் போதும்" என்றேன். பணப்பட்டுவாடா புகாரில் 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தான கதையை விஸ்தாரமாக அளந்தேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: "நம்ம வீட்டுக்கு வந்த கவரை என்ன பண்ணினீங்க மாமா?"

சமையலறையில் புது மிக்ஸி சட்டென்று நின்றது.

நான் பி.காம். அன்றைக்கு அதை வரவில் எழுதினேன். போன மாதம் தெருச் சாக்கடை அடைப்பைப் பற்றிச் சத்தம் போடக் கிளம்பி, வாங்கின கவர் ஞாபகம் வந்து பாதி வழியில் திரும்பினேன். அப்போதுதான் புரிந்தது, அது கடன். ஐந்து வருஷ வட்டி.

"மாமா, பதில்?"

சொல்வதா, மறைப்பதா?

"வாங்கினேன்டா" என்றேன்.

பயல் கேமை நிறுத்திவிட்டு முதன்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தான்.