கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

மாட்டுத்தாவணி என்றால் இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் நிலையந்தான் ஞாபகத்துக்கு வருகிறது. மாட்டுச் சந்தை கூடிய இடம் அது என்பதைப் பெயரே சொல்லுகிறது. மாட்டுச் சந்தையில் பேரம் பேசும் முறையை நேயர்கள் அறிவீர்கள். துண்டைப் போட்டு மூடி, அதன் அடியில் விரல்களைப் பிடித்தே விலையைத் தீர்த்துவிடுவார்கள். தஸ்தாவேஜும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. யாருடைய விரலைப் பிடித்தோமோ அவரே பொறுப்பாளி. அதில் சந்தேகத்துக்கு இடமேது?

இன்று அங்கே பூ மார்க்கெட்டும் காய்கறி மார்க்கெட்டும் இருக்கின்றன. சற்று அப்பால், 2004-இல் ஏற்பட்ட ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளையும் இருக்கிறது. விரல் போய்க் காகிதம் வந்தது; காகிதத்தோடு, "பொறுப்பாளி யார்?" என்ற கேள்வியும் வந்து சேர்ந்தது.

எங்கள் தெரு நண்பர் ஒருவர் வேறு இருவருடன் சேர்ந்து பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்தார். மாட்டுத்தாவணிக்கு அருகே ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்தார்கள். பத்திரத்தில் கம்பெனியின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. நண்பர் தம் பெயரை மட்டும் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருஷத்தில் கம்பெனி நொடித்தது. வாடகைப் பாக்கிக்காக வக்கீல் நோட்டீஸ் நண்பரின் வீட்டுக்கே வந்தது.

"நான் கம்பெனிக்காக அல்லவா கையெழுத்திட்டேன், ஸார்!" என்று பத்திரத்துடன் என்னிடம் ஓடி வந்தார். பத்திரம் அப்படிச் சொல்லவில்லையே! எஜமானர் இன்னார் என்று வெளியிடாமல் ஏஜண்டு ஒப்பந்தம் செய்தால், அந்த ஏஜண்டே கட்டுப்பட்டவர் என்று ஊகிக்க 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு இடம் தருகிறது. வழக்காடத் தெம்பில்லாமல், மனைவியின் வளையல்களை அடகு வைத்து அவர் பாக்கியைத் தீர்த்தார்.

நம் முன்னோர்கள் இவ்விஷயத்தில் வெகு ஜாக்கிரதையாக இருந்தார்கள். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். அதை எழுதியவர், சபையின் பெருமக்கள் கட்டளைப்படி எழுதியதாகவும், தாம் மத்தியஸ்தர் என்றும், தம் பெயர் இன்னதென்றும் முடிவில் குறித்திருக்கிறார். யாருக்காக, எந்த ஹோதாவில், யார் என்ற மூன்றும் அதில் அடங்கிவிட்டன. ஆயிரம் வருஷத்துக்குப் பின்னும் எந்தப் பத்திரத்துக்கும் வேண்டியவை இம்மூன்றே.

தனி மனிதர் நடத்தும் கடைக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. ஆகையால் உரிமையாளர் தம் பெயரைச் சொல்லி, இன்ன கடையின் உரிமையாளர் என்று எழுதுவதே முறை. கூட்டு வியாபாரத்தில், 1932-ஆம் வருஷத்துக் கூட்டு வியாபாரச் சட்டப்படி, ஸ்தாபனத்தின் பெயரை மேலே எழுதி, 'பங்குதாரர்' என்று கீழே கையெழுத்திட வேண்டும். வியாபார முறையில் ஒருவர் இடும் கையெழுத்து மற்றப் பங்குதாரரின் வீட்டையும் தொடும் என்பதை மறக்கலாகாது. ஆனால் ஸ்தாபனத்துக்காக நிலமோ வீடோ வாங்கவும் விற்கவும் ஒரு பங்குதாரருக்குத் தாமாக அதிகாரம் இல்லை. மற்றவர்களின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஹிந்துக் கூட்டுக் குடும்பமானால், 'கர்த்தா' என்ற சொல் கையெழுத்தின் கீழ் இருக்க வேண்டும்.

கம்பெனியோ தனி ஆள். ஆனால் அதற்குக் கை இல்லை. "இன்ன பிரைவேட் லிமிடெட்டுக்காக" என்று முழுப் பெயரையும் மேலே எழுதி, நடுவே கையெழுத்திட்டு, கீழே பெயரும் 'டைரக்டர்' என்ற பதவியும் குறிக்க வேண்டும். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, டைரக்டர் சபை அதிகாரம் அளித்த உத்தியோகஸ்தரும் கையெழுத்திடலாம். எதிர்த் தரப்பினர் அந்தத் தீர்மானத்தின் நகலைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பொது முத்திரை கட்டாயம் என்ற விதி 2015-இல் நீங்கிவிட்டது. ஆகவே ரப்பர் ஸ்டாம்பைக் கண்டு மட்டும் மயங்க வேண்டாம்.

பெயரின் ஓசையை நம்புவதும் ஆபத்து. 1911-இல் நம் மதுரையில் தோன்றிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ், காதுக்குத் தகப்பனும் பிள்ளைகளும் நடத்தும் கூட்டு வியாபாரமாகவே ஒலிக்கிறது. பின்னாளில் அது பிரைவேட் லிமிடெட் ஆகிவிட்டது. பதிவுப் பத்திரத்தைப் பார்த்தே ஸ்தாபனத்தின் ஜாதியை அறிய வேண்டும்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. கணவரின் கம்பெனிக்குப் பாங்கியில் கடன் வாங்கும்போது, "இங்கே ஒன்று, அங்கே ஒன்று" என்று இரண்டு கையெழுத்துக் கேட்பார்கள். முதலாவது டைரக்டர் என்ற முறையில் இடுவது. இரண்டாவதற்கு மேலே 'ஜாமீன்தார்' என்று இருந்தால், கம்பெனி தவறினால் உங்கள் சொந்தச் சொத்தே பதில் சொல்லும். அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும். கையெழுத்துக்கு மேலே உள்ள வரியைப் படித்துவிட்டுப் பேனாவைத் தொடுங்கள். பொங்கின பாலுக்கு நாளைக்குப் பால்காரர் வருவார். போன வளையல் இலேசில் திரும்பாது.