அக்காள் நீட்டிய புட்டி

புக்கிட் ரோத்தான் பக்கத் தோட்டத்தில் இருக்கும் என் அக்காள், சென்ற விடுமுறையில் ஒரு சிறு புட்டியை நீட்டி, "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்றார். மகனுக்கு நான்கு வயது, இன்னும் பேசவில்லை. ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறார்கள். நிபுணரைப் பார்க்க ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் யாரோ, உடம்பிலுள்ள ஈயத்தையும் பாதரசத்தையும் இறக்கினால் பிள்ளை பேசிவிடும் என்று சொல்லி, இந்தச் சொட்டு மருந்தை விற்றுவிட்டார்கள்.

இதற்குக் கீலேஷன் என்று பெயர். உலோகத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து. இரத்தப் பரிசோதனையில் ஈயம் மிகுந்திருந்தால் மருத்துவர்களே கொடுப்பார்கள். ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்பதற்குத்தான் ஆதாரமில்லை. மேலும், உடலுக்கு வேண்டிய தாதுக்களையும் அது சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆட்டிசம் உள்ள 5 வயதுச் சிறுவன் இந்தச் சிகிச்சையின்போது இரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயம் நின்று இறந்தான். அது நடந்தது ஒரு மருத்துவரின் கிளினிக்கில்! கால்சியத்தை அளக்க வழியில்லாத நம் வீட்டில் என்ன ஆகும்? 2010-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இத்தகைய பொருள்களை மருந்துச்சீட்டின்றி விற்ற 8 நிறுவனங்களை எச்சரித்தது.

அக்காளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. பேசாத பிள்ளையோடு ஐந்து மாதம் சும்மா இரு என்றால் எந்தத் தாய் இருப்பாள்? புட்டியில் எத்தனை சொட்டு என்று இருந்தது. எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. மறுநாள் அதையும் பிள்ளையையும் அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். ஈயத்துக்கு இரத்தம் சோதிக்க முடியுமா என்று கேட்டோம்.

ஆண்டுதோறும் தோட்டங்களுக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். அடுத்த முறை, பெற்றோர் கொண்டுவரும் மருந்துப் புட்டிகளைப் படித்துச் சொல்லவும் மருத்துவப் பிரிவு நண்பர்கள் இருவரை உட்கார வைக்கலாமே.