முட்டைக்கு வெள்ளையடித்தால் போதுமா?

கனடாவின் வின்னிபெக் நகரில் 1968-ல் பிறந்தது 'போலர்' என்கிற 13 அடி டிரெய்லர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. உருவாக்கிய ரே ஒலெக்கோ, அதற்கு முன் ஃபைபர்கிளாஸில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்தவர் (சிரிக்காதீர்கள், நிஜம்தான்!). மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு ஓடுகளை வார்த்து இடுப்பில் சேர்த்துவிட்டார். பார்த்தால் முட்டை. கூரையில் தையல் கிடையாது. மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்த வண்டிகளைப் போல உள்ளுக்குள்ளேயே ஊறி மக்குவதும் இல்லை. பிறகு அமெரிக்காவில் ஸ்கேம்ப், காசிட்டா என்று அதே வழியில் பல வந்தன. அரை நூற்றாண்டு கழித்தும் பழைய முட்டைகள் சாலையில் ஓடுகின்றன.

இப்போது அவற்றுக்கு வந்திருக்கும் மவுசுதான் வயிற்றெரிச்சல். கொட்டகையில் கிடந்ததை இழுத்து வந்து, வெளியே இரண்டு வண்ண பெயின்ட், உள்ளே புது மெத்தை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, விளக்குச் சரம், நாலு போட்டோ... முடிந்தது! 'முழுவதும் புதுப்பிக்கப்பட்டது' என்று விலையை ஏற்றி விற்கிறார்கள். யாராவது குனிந்து அடியில் பார்த்தார்களா?

இந்த முட்டைகளில் பெரும்பாலும் இருப்பது டார்ஷன் அச்சு. இரும்புக் குழாய்க்குள் அடைத்த ரப்பர்தான் அதற்கு ஸ்பிரிங். ரப்பருக்கும் வயதாகும். அது இறுகிவிட்டால் ஒவ்வொரு குழியின் அடியும் நேராகச் சட்டத்தில் இறங்கும், ரிவெட்டுகளைப் பிடுங்கும். ஒரு காலத்தில் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்த சக்கரக் கை இன்று மேலேறிக் கிடக்கிறதென்றால் அச்சின் கதை முடிந்தது என்று அர்த்தம். சட்டம் முன்பக்கம் வளைகிற இடத்தில் விரிசல் விடுவதும் போலர்காரர்களுக்குப் பழகிய வியாதி. புது அச்சு போடும்போதே மின்சார பிரேக்கும் சேர்க்கலாம். அந்தக் காலத்துக் குட்டி வண்டிகள் பலவற்றில் பிரேக்கே கிடையாது.

இன்னொரு கொடுமை, இடம் போதவில்லை என்று அலமாரியைக் கழற்றி எறிவது. ஐயா, அது துணி வைக்கிற பெட்டி மட்டுமில்லை, கூரையைத் தாங்குகிற தூண்! எடுத்துவிட்டால் கூரை தொய்யும், கதவு பொருந்தாது. தொய்ந்த கூரையின் மேல் ஒரு ஏசியையும் ஏற்றி வைப்பார்கள். மழை பெய்தால் மேலே குளம். ஒழுகினால் இருக்கவே இருக்கிறது சிலிக்கான் டியூப். அதைப் பிதுக்கிய இடத்தில் பிறகு வேறெதுவும் சரியாக ஒட்டாது, பெயின்ட் உட்பட. பியூட்டில் டேப் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஒழுகிய தண்ணீர் தரைப் பலகையை மக்கச் செய்திருக்கும். அதன் மேல் பளபளவென்று புது வினைல் விரித்தாகிவிட்டது!

அசல் ஸ்குரூவைக்கூட மாற்றக்கூடாது என்று அடம்பிடிக்கும் எதிர்க்கட்சியும் உண்டு. இறுகிப்போன ரப்பர் அசலாக இருப்பதில் என்ன பெருமையோ!

"என் வண்டி, என் காசு, உனக்கென்ன?" என்பார்கள். வண்டி அவர்களுடையது, நெடுஞ்சாலை எல்லோருடையது. நாளை அதை வாங்கி, பின்சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து இழுத்துப் போகப் போவது இன்னொரு குடும்பம். திரைச்சீலைக்கு நாலு போட்டோ போடுகிறவர்கள், அடிச்சட்டத்துக்கும் அச்சுக்கும் ஒவ்வொன்று போடட்டும். டயரின் பக்கவாட்டில் வாரத்தையும் வருடத்தையும் சொல்லும் அந்தக் கடைசி நாலு எண்களும் தெளிவாகத் தெரிகிற மாதிரி இன்னொன்று.