‘சால்’னா சால்னா இல்ல!

மொபைல் ஆப்ல ஸ்பானிஷ் கத்துக்கிறவங்க உங்க கிளாஸ்லயும் ரெண்டு பேராவது இருப்பாங்க. அவங்ககிட்ட ‘சால்’னா என்னன்னு கேளுங்க. உப்புன்னு சொல்வாங்க. (பரோட்டா சால்னாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.)

ஸ்பெயின்ல ஒருத்தரை ‘சலாதோ’ன்னா கலகலப்பா பேசுற ஆள்னு அர்த்தம். அதையே மெக்சிகோவுல சொன்னா ராசியில்லாதவன்! ஒருத்தரைப் பார்த்து ‘சால்!’னு அதட்டினா ‘வெளியே போ’ன்னு ஆகிடும், ஆனா அது ‘சலீர்’ங்கிற வேற வினைச்சொல்லோட வடிவம். நமக்கும் உப்பு வெறும் உப்பு இல்லையே. “சோத்துல உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறியா?”ன்னு வீட்ல கேட்டா யாரும் சமையலைப் பத்திப் பேசல.

அடுத்தது ‘சலாரியோ’. பிளேஸ்மென்ட் சீசன்ல நாம உருகுற அதே சாலரிதான். ரெண்டுக்கும் மூலம் லத்தீன் ‘சாலேரியம்’. அந்தப் பேரு உப்பிலிருந்து வந்ததுன்னு ரோம எழுத்தாளர் பிளினியே எழுதியிருக்கார். ஆனா ரோமப் படைவீரனுக்கு உப்பையே சம்பளமா அளந்து கொடுத்தாங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அதை நேரடியா சொல்ற பழைய சான்று எதுவும் கிடையாது. நம்ம ‘சம்பளம்’ கதையும் இதே மாதிரிதான். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியா கொடுத்ததால சம்பளம்னு நிறைய பேர் சொல்வாங்க. வழிப்பயணத்துக்கான சாப்பாட்டைக் குறிக்கும் ‘சம்பலம்’ங்கிற வடசொல்லோட சேர்த்துப் பார்க்கிறவங்களும் இருக்காங்க.

எனக்கு வானூர் பக்கம். எங்க அத்தை மரக்காணம் அளத்துல வேலை பார்த்தவங்க. ஈசிஆர்ல போறப்போ நீங்க செல்ஃபி எடுக்குற அந்த வெள்ளைக் குவியலை வாரினவங்கள்ல ஒருத்தர். வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே இறங்கணும், உப்புத்தண்ணியில காலெல்லாம் வெடிச்சிருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தா பாத்தி முழுகிடும், வேலை நின்னுடும். அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் அரசு நிவாரணம் 5,000 ரூபாய். மூணு மாசத்துக்கு வகுத்துப் பாருங்க, மாசம் 1,670கூட வராது. தீபாவளியும் அதுக்குள்ளதான்.

இது போதாதுங்கிறது என் கருத்து. வேலையில்லா மாசங்கள்லயும் ஒரு வீடு ஓடுற அளவுக்குப் பணம் வரணும். கோடையில அவங்க வாரின உப்பைத்தானே மழைக்காலத்துலயும் நாம சாப்பிடுறோம்?

சம்பளத்துக்குள்ள அளம் இருக்குன்ற கதையை அத்தைகிட்ட சொன்னேன். சிரிச்சாங்க.

“எங்களுக்கு எங்கடா சம்பளம்? கூலிதான்.”