சுண்டெலியின் விழித்திரையும் எம்மவரின் பார்வையும்

கொட்டியாரக்குடாவில் இரவுத் தொழிலுக்குச் செல்லும் மீனவருக்கு வலையைப் போலவே கண்ணும் ஒரு தொழிற்கருவியாகும். பரம்பரை விழித்திரைச் சிதைவு பீடித்தால், முதலில் அவர் இருளில் தடுமாறுகின்றார். பின்னர் பக்கப்பார்வை சுருங்கி, குழாயினூடாக உலகைக் காண்பது போன்ற நிலை உருவாகின்றது. பலருக்குக் காலப்போக்கில் அதுவும் மங்கிவிடுகின்றது. இதனைச் சாதாரண மாலைக்கண் என்று கருதிக் கீரையும் மீனெண்ணெயும் கொடுப்போரும், செய்வினை என்று நூல் கட்டுவோரும் எம்மத்தியில் உள்ளனர். விற்றமின் ஏ குறைபாட்டினால் வரும் மாலைக்கண் குணப்படுத்தத்தக்கது. பரம்பரையாக வரும் இந்நோய் அவ்வாறானதன்று. இவ்வகை நோய்களில் முதன்மையான ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா, உலகில் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவரைப் பாதிப்பதாக மதிப்பிடப்படுகின்றது.

இந்நோய் பற்றி மருத்துவ உலகம் அறிந்துகொண்டவற்றில் கணிசமான பங்கு சுண்டெலிகளிடமிருந்தே பெறப்பட்டதாகும். 1924 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளைட் கீலர், சில வெள்ளைச் சுண்டெலிகளின் விழித்திரையில், மங்கிய ஒளியை உணரும் கோற்கலங்கள் இல்லாதிருப்பதையும் அக்குறை தலைமுறைகளுக்குக் கடத்தப்படுவதையும் எடுத்துக்காட்டினார். அத்தகைய சுண்டெலிகளில் பழுதடைந்திருந்த பரம்பரை அலகு 1990 இல் இனங்காணப்பட்டது. அதே அலகில் ஏற்படும் பழுது மனிதரிலும் இந்நோயைத் தோற்றுவிப்பது 1993 இல் வெளிப்படுத்தப்பட்டது. மனிதரில் பல ஆண்டுகளாக நிகழும் சிதைவு, அச்சுண்டெலிகளில் பிறந்து சில வாரங்களுக்குள் நிகழ்ந்து முடிகின்றது. ஆய்வாளருக்கு அவை பயன்படுவதன் காரணமும் அதுவே.

இந்த உழைப்பு வீண்போகவில்லை. ஆர்பிஈ65 என்னும் பரம்பரை அலகு பழுதடைந்த சுண்டெலிகளிலும் நாய்களிலும் நடத்தப்பட்ட ஆய்வுகள் மனிதச் சிகிச்சைக்கு வழிதிறந்தன. பார்வையற்றுப் பிறந்த நாய்கள் சிகிச்சையின் பின் பார்வை பெற்ற செய்தி 2001 இல் வெளியானது. பழுதற்ற அலகை வைரசு ஒன்றின் மூலம் விழித்திரைக்குக் கொண்டுசெல்லும் 'லக்ஸ்ரேர்னா' என்ற மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதியளித்தது. ஆனால், இரு கண்களுக்கும் அங்கு நிர்ணயிக்கப்பட்ட விலை 8 இலட்சத்து 50 ஆயிரம் டொலர்கள். அதுவும் அந்த ஓர் அலகு மாத்திரம் பழுதடைந்து, விழித்திரையில் போதிய கலங்கள் எஞ்சியிருப்போருக்கே பயன்படும். விழித்திரை நோய்களுடன் தொடர்புடைய அலகுகளோ 250 இற்கும் அதிகமானவை.

சுண்டெலியில் வெற்றியளித்தது யாவும் மனிதரில் வெற்றியளிக்கும் என்று எண்ணுவதும் தவறாகும். சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி. நாம் வாசிப்பதற்கும் முகம் அறிவதற்கும் துணைபுரியும் மக்கியூலா என்னும் மையப்பகுதி அதன் விழித்திரையில் இல்லை. செவியையும் கண்ணையும் ஒருங்கே பாதிக்கும் அஷர் நோய்க்கான அலகுப் பழுதைக் கொண்ட பல சுண்டெலிகள் செவிப்புலனை இழந்தபோதிலும், அவற்றின் விழித்திரை பெரிதாகச் சிதைவதில்லை. ஆய்வுகூடச் செய்தியொன்றை 'குருட்டுக்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று தலைப்பிட்டு வெளியிடும் ஊடகங்கள், நாம் உட்பட, இதனை நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வாறான செய்திகளை நம்பி நகையையும் படகையும் விற்கும் குடும்பத்தின் ஏமாற்றத்துக்கு யார் பொறுப்பு?

உயிர்வதை பற்றிய கேள்வியும் புறக்கணிக்கத்தக்கதன்று. இயன்றவரை மாற்றுவழியைக் கையாளுதல், பிராணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகள் 1959 இல் முன்வைக்கப்பட்டு இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளன. அந்நெறிகளுக்கு அமைய நடத்தப்படும் ஆய்வுகளைத் தடுப்பதனால் எந்தக் கண்ணும் திறக்கப்போவதில்லை. அவ்வாறே, அவ்வுயிர்களைப் பலியிட்டுப் பெற்ற அறிவு நோயாளியைச் சென்றடையாதிருப்பதும் நியாயமாகாது.

இங்குதான் திருகோணமலையின் கேள்வி எழுகின்றது. மேற்சொன்ன இரு அலகுகளினாலும் வரும் நோய், பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி கிடைத்தாலே பிள்ளையைத் தாக்கும். பெற்றோர் இருவரும் அதனைக் காவுவோராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. மச்சான் முறையில் மணம்செய்யும் வழக்கமுள்ள எமது சமூகங்களில் இதற்கான சாத்தியம் அதிகரிக்கின்றது. இதற்காகத் தாயைப் பழிப்பதோ பெண்ணின் திருமணத்தைத் தடுப்பதோ அறியாமையாகும். ஆலோசனையே இதற்குரிய வழி.

கோடிக்கணக்கான ரூபா பெறுமதியான மருந்தை நாளையே தருமாறு நாம் அரசிடம் கேட்கவில்லை. எந்த அலகு பழுதடைந்துள்ளது என்று அறியாதவருக்கு எந்தப் புதிய அலகுச் சிகிச்சையும் எட்டாக்கனியே. எனவே, மூதூர், கிண்ணியா, குச்சவெளி போன்ற பிரதேசங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களை இனங்கண்டு பதிவுசெய்ய வேண்டும். அவர்களது இரத்த மாதிரி கொழும்புக்குச் செல்லட்டும். நோயாளி 260 கிலோமீற்றர் அலையத் தேவையில்லை. பார்வை முற்றாக மங்குமுன் மாற்றுத் தொழிற்பயிற்சியும் வழங்கப்பட வேண்டும். அங்கவீனர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இலேயே நிறைவேற்றப்பட்டது. அது ஏட்டில் மாத்திரம் இருப்பதனால் எவருக்கும் பயனில்லை.

ஒரு நூற்றாண்டு காலமாகச் சுண்டெலியின் கண்ணை ஆராய்ந்து உலகம் அறிவைச் சேர்த்துள்ளது. எமது மாவட்டத்தில் இருளில் தடுமாறும் மனிதரை ஒருமுறையாவது முறையாகப் பரிசோதிப்பதற்கு எமது சுகாதாரத்துறை இன்னும் எத்தனை காலம் எடுக்கப்போகின்றது?