தகட்டில் தரங்கம்பாடி

மலைக்கோட்டைப் படிகளில் இறங்கும்போது தோழி செல்போனை நீட்டினாள். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, பக்கத்தில் கடல். “எங்க ஊருடி. அலுமினியத் தகட்டுல பிரின்ட் போட்டு விக்கிறேன்!”

தாளில் அச்சடித்த படத்தை, பூச்சு பூசிய தகட்டின்மேல் வைத்துச் சூடாக அழுத்துவார்களாம். மை ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும். கண்ணாடி போடத் தேவையில்லை.

திருச்சிக்கு இந்த வியாபாரம் பழசு. 19-ம் நூற்றாண்டில் இங்குள்ள ஓவியர்கள் மெல்லிய மைக்கா தகட்டில் வரைந்தவற்றை ஆங்கிலேயர்கள் நினைவுப்பொருளாக வாங்கிப்போனார்கள். பல படங்களில் இருப்பவர்கள், அவரவர் தொழிலோடு நிற்கும் சாதாரண மனிதர்கள்.

“உன் படத்துல ஆளையே காணோமே?”

“ஆள் இருந்தா யாரு வாங்குவா?” என்று சிரித்தவள், சட்டென அமைதியானாள். 2004 சுனாமியில் அவள் வீட்டு ஆல்பம் போய்விட்டது. தாத்தாவின் முகம் ஒரு படத்தில்கூட மிச்சமில்லை.

போன வாரம் புதுப்படம் அனுப்பினாள். அதே கோட்டை, அதே கடல். முன்னால் வலையோடு அப்பா. “இது மட்டும் விக்கிறதுக்கில்ல.”

அடுத்தமுறை ஊருக்குப் போனால், கடலை மட்டும் எடுக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களையும் நிற்கவைத்து எடுங்கள். போனிலேயே விட்டுவிடாமல், ஒரு பிரின்ட்டும் போட்டுவிடுங்கள்.